மூன்று பென்டிரைவும் அரை முடி நாற்றும்

பொன்னுத்தாய்க்கு நாற்பத்து மூன்று வயது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பதினெட்டுப் பெண்கள் கொண்ட நடவுக் கூட்டத்துக்குத் தலைவி. நேரம் மீறி வேலை வாங்கினால் நடவை நிறுத்திக் கரையேறிவிடுவாள்; கூட்டமும் கரையேறும். ஐந்து வருஷமாகத் தபாலில் தமிழ் பி.ஏ. படிக்கிறாள். அன்று மாலை நாலு மணிக்குக் கடைசி வாய்மொழித் தேர்வு. போனில் கூடாது, லேப்டாப்பில்தான் என்று உத்தரவு. தவறினால் இன்னும் ஒரு வருஷம்.

லேப்டாப் இருந்தது. மகள் தமிழ்நிலாவுக்குப் பள்ளியில் இலவசமாகக் கொடுத்தது. ராம் ரெண்டு ஜிபி. பேட்டரி எப்போதோ செத்தாச்சு.

"மெஷின் கெடலக்கா, மேல ஏத்துன பாரம்தான் ஜாஸ்தி," என்றான் செல்போன் கடை அஸார். "எடை கொறஞ்ச லினக்ஸ் சிஸ்டம் மூணு தினுசு கொண்டாந்திருக்கேன். பென்டிரைவுலேருந்தே ஓட்டிப் பாக்கலாம், உள்ள இருக்கறது அழியாது. எதைப் போட?"

"வெதநெல்ல மொளகட்டிப் பாக்காம எவன் வெதைப்பான்? மூணையும் பாரு."

நாற்று முற்றிக்கொண்டிருந்தது, நடவை நிறுத்த முடியாது. எனவே லேப்டாப் கரண்ட் இருக்கும் வயலோரத்து மோட்டார் கொட்டகைக்கு வந்தது. பட்டனை அமுக்கும்போது அஸார் ஒரு விசில். திரை வந்ததும் இன்னொரு விசில். நடுவில் பொன்னுத்தாய் எத்தனை முடி, அதாவது எத்தனை கட்டு நாற்று நடுகிறாளோ அதுதான் அளவு.

பழைய சிஸ்டம் பதினோரு முடி நட்ட பிறகும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இது ஆறு மாசச் சம்பாடி. தை பொறந்தாத்தான் கதிரு," என்றாள் பக்கத்தில் நட்ட காத்தாயி.

முதல் பென்டிரைவ், ஆறு முடி. கண்ணைப் பறிக்கும் அழகு. பிரௌசரைத் திறந்ததும் அப்படியே உறைந்தது.

"பட்டுப்பொடவையோட சேத்துல எறங்குனா?" என்றாள் காத்தாயி.

இரண்டாவது, நாலு முடி. கேமரா வேலை செய்யவில்லை.

"மூஞ்சி காட்டாத மாப்பிள்ளை. அனுப்பு," என்றாள் பொன்னுத்தாய்.

மூன்றாவது. கையிலிருந்த முடியில் பாதிதான் நட்டிருந்தாள், விசில் வந்துவிட்டது.

"ஏமாத்துறான். திருப்பிப் போடச் சொல்லு," என்றாள் காத்தாயி.

திருப்பிப் போட்டான். அதற்குள் மீதியை நட்டுப் புது முடி எடுத்திருந்தாள்; மறுபடியும் அரை முடி. பதினெட்டுப் பேரும் குலவையிட்டார்கள். அடுத்த வயலிலிருந்து இளையபெருமாள் ஓடிவந்து, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்.

திரையில் பார்க்க ஒன்றுமில்லை. சாம்பல் நிறம், நாலு பொத்தான். தேர்வுப் பக்கத்தைத் திறந்தால் தமிழெல்லாம் கட்டம் கட்டமாக நின்றது. மணி மூன்று ஐம்பது. குலவை அடங்கிப்போனது.

"தமிழ் ஃபான்ட் இல்லக்கா, அவ்வளவுதான்." அஸார் தன் போனிலிருந்து இறக்கினான். கட்டங்கள் ஒவ்வொன்றாக எழுத்தாயின.

நாலு மணி. பொன்னுத்தாய் கொட்டகையில் வந்து உட்கார்ந்தாள். முழங்கால்வரை சேறு; கேமராவில் தெரியாது. தேர்வாளர் கேட்டார்: "மருதத் திணையைப் பத்திச் சொல்லுங்கம்மா. அது என்ன பின்னாடி சத்தம்?"

"மருதம்தாங்க சார்." லேப்டாப்பை வயல் பக்கம் திருப்பினாள். பதினெட்டில் ஒன்று குறைய அத்தனை பேரும் நிமிர்ந்து கையாட்டினார்கள்.

அரை மணி நேரக் கேள்விக்குப் பிறகு அவர் சிரித்தார். "போதும்மா. தேறிட்டீங்க."

"அப்ப இதையே உள்ள ஏத்திடவாக்கா?" என்றான் அஸார்.

"ஏத்து. நாத்தங்கால்ல தேறியாச்சு, நட்டுட வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு வயலில் இறங்கினாள். அவள் விட்டுப்போன அரை முடியை யாரும் தொடாமல் அவளுக்கே வைத்திருந்தார்கள்.