ஐந்தாவது பஜ்ஜி

என் கல்யாண வரவேற்பு மேடையில், மறுநாள் காலை முகூர்த்தம் நடக்குமா நடக்காதா என்று நான் நடுங்கிக்கொண்டு நின்றேன். காரணம் சீர்வரிசைத் தகராறு இல்லை, மாப்பிள்ளையின் பழைய காதலும் இல்லை. நானே பாடிய ஒரு பாட்டு. மொத்தமே இரண்டரை நிமிடம்.

வில்லியனூரில் அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. நான் பி.காம். முடித்த கையோடு, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு என்னை பில் போட உட்கார வைத்துவிட்டார். பகலெல்லாம் பைப்பு, ஆணி, பெயின்ட் டப்பா. சாயங்காலம் மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய பில் புத்தகங்களின் பின்பக்கத்தில் ராப் எழுதுவேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் வாய் சும்மா இருக்காது. கடைக்கு வருகிறவர்களிடம் காட்ட முடியாத வாயை அந்தத் தாளில் காட்டினேன். அவ்வளவுதான் என் ஹிப் ஹாப். வீட்டில் யாருக்கும் தெரியாது.

தெரிந்தவள் ஒருத்திதான், அரியாங்குப்பத்துத் தோழி. கல்லூரியில் மூன்று வருடமும் என் பக்கத்து இருக்கை. அவள் லேப்டாப்பில் டான்ஸ் மியூசிக் செய்வாள். பாட்டுக்கு வார்த்தை எதற்கு என்று கேட்கிற ஜாதி. தாளம் மெல்ல ஏறவேண்டும், ஏறி ஏறி ஒரு நொடி நிற்கவேண்டும், பிறகு தொப்பென்று விழவேண்டும். அதற்குப் பெயர் டிராப். அந்த ஒரு நொடிக்காகத்தான் கூட்டமே காத்திருக்கிறது என்பாள். "உன் பாட்டுல சண்டைதான் இருக்கு, என் பாட்டுல காலு இருக்கு" என்று என்னைச் சீண்டுவாள். "காலு மட்டும்தான்டி இருக்கு, தலைய எங்க வெச்ச?" என்று நான் கேட்பேன். ஆனால் நான் பாடுவதைப் பதிவு செய்ய எனக்கு அவளுடைய மைக் வேண்டும். அதனால் நட்பு நீடித்தது.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க நெட்டப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கரும்பும் நெல்லும் வைத்திருக்கிற நிலக்காரர்கள். முதலில் பெண்கள் மட்டும் வந்து பார்ப்பது அவர்கள் வழக்கம் என்பதால் மாப்பிள்ளை வரவில்லை. அவருடைய அம்மாவும் இரண்டு அத்தைகளும் வந்தார்கள். அந்த அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, பேச்சோடு பேச்சாக என் சடையை ஒரு இழு இழுத்துப் பார்த்தார்.

"சவுரி இல்லியே?" என்றார்.

"சொந்த முடிதாங்க" என்றாள் அம்மா, ஏதோ பில் காட்டிப் பேசுவது போல.

பிறகு அவர் நிதானமாக நாலு வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டார். ஐந்தாவதை எடுத்துக் கைக்குட்டையில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். எழுந்து, "சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் ஆனது. ஒரு மாதமும் ஆனது. ஒரு தகவலும் இல்லை. அதற்கு முன் வந்த இரண்டு குடும்பங்களும் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் காணாமல் போயிருந்தார்கள். அம்மா போன் அடிக்கும்போதெல்லாம் ஓடினாள். எனக்கு மாப்பிள்ளை மேல் ஆசை ஒன்றும் இல்லை, முகத்தையே பார்த்ததில்லை. ஆனால் என் சடையை இழுத்துப் பார்த்துவிட்டு, பஜ்ஜியையும் கட்டிக்கொண்டு போய், வாய் திறக்காமல் இருப்பதா? மாதம் முடிந்த அன்று சாயங்காலமே எழுதினேன்.

"சடைய இழுத்துப் பாத்தாங்க, சவுரியான்னு கேட்டாங்க,
நாலு பஜ்ஜி தின்னாங்க, நல்லாருக்குன்னு சொன்னாங்க,
அஞ்சாவத கர்ச்சீப்புல அப்புடியே சுருட்டிக்கினு
சொல்லி அனுப்புறோம், சொல்லி அனுப்புறோம்!"

இப்படி இன்னும் பதினாறு வரி. மேற்கேயிருந்து வந்த கரும்புத் தோட்டத்தம்மா என்று அடையாளம் வேறு வைத்தேன். தோழி வீட்டுக்கு ஸ்கூட்டியில் போய், வெளிச்சத்தம் விழாமலிருக்கப் போர்வையைப் போர்த்திக்கொண்டு மைக் முன்னால் ஒரே மூச்சில் பாடினேன். மனசு லேசானது. அவள் அதை முகமும் பெயரும் இல்லாமல் இணையத்தில் ஏற்றினாள். ஐம்பது பேர்கூடக் கேட்கவில்லை. எனக்குக் குறையில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதுப் பாட்டைப் போட்டுக் காட்டினாள். தாளம் ஏறிக்கொண்டே போனது. நடுவில் ஒரு அணில் கத்துவது போல ஏதோ கேட்டது. காதைத் தீட்டிக் கேட்டால் என் குரல். என் இருபது வரியில் இரண்டே வார்த்தைதான் மிச்சம். அதையும் கொத்துக் கறி போட்டிருந்தாள். "சொல்லி சொல்லி சொல்லி சொல்லி அனு... அனு... அனு..." நிசப்தம். பிறகு தொப்பென்று டிராப்.

"எங்கடி என் பஜ்ஜி? எங்கடி என் சடை?" என்று கத்தினேன்.

"உன் ராப்பு நிமிஷத்துக்கு எழுபது அடி. என் பீட்டு நூத்தி நாப்பது. நீ ஒரு அடி வெக்கிறதுக்குள்ள நான் ரெண்டு வெக்கிறேன். கரெக்டா உக்காருது பாரு. ஊருல இப்ப எல்லாரும் ரெண்டையும் கலந்துதான் பண்றாங்க."

"கலக்குனது இதுவா? நீ என்னை முழுங்கிட்ட."

"ஆடுறவங்களுக்கு வார்த்தை கேக்கப் பொறுமை கிடையாதுடி" என்றாள், சாதாரணமாக.

கணக்கு எனக்குப் புரிந்தது. ராப்பின் ஒரு நடைக்குள் டான்ஸின் இரண்டு நடை அச்சாக அடங்குகிறது என்பதும், அதனால்தான் இரண்டும் இப்போது ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதும் புரிந்தது. பிடிக்கத்தான் இல்லை. பத்து நாள் அவளோடு பேசவில்லை. அதற்குள் அந்த அணில் பாட்டு பரவிவிட்டது. பாகூர் பக்கம் ஒரு மஞ்சள் நீராட்டில் போட்டார்களாம். எங்கள் கடை வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்று "அனு அனு அனு" என்று அதிர்ந்துகொண்டு போனது. உள்ளே இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். என்ன கோபத்தில் அது எழுதப்பட்டது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு வயிறு எரிந்தது.

வைகாசியில் நெட்டப்பாக்கத்திலிருந்து ஆள் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டுமாம். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் திடீரென்று வந்து, கரும்பு வெட்டு, வண்டி, ஆலை வாசலில் நாள் கணக்கில் வரிசை என்று சித்திரை வரை வீட்டில் யாருக்கும் நிற்க நேரமில்லையாம். நிலக்கார வீட்டில் வெட்டு முடியும் வரை கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டார்கள் என்று அப்பா ஏதோ முன்பே தெரிந்தவர் போலச் சொன்னார். அதைத் தை மாதத்திலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை வந்தார். பத்து நிமிடம் தனியாகப் பேச விட்டார்கள். வெயிலில் கறுத்த முகம், அவசரமில்லாத பேச்சு. எனக்குப் பிடித்துவிட்டது, இதில் மறைக்க ஒன்றுமில்லை.

"கடைல பில் போடறதத் தவிர வேற இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

"ஒண்ணுமே இல்லியா?" என்று சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று நான் யோசிக்கவில்லை.

அன்றே தோழியைக் கூப்பிட்டு இரண்டு பாட்டையும் இணையத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். ஆனால் அதற்குள் ஊரில் உள்ள டி.ஜே.க்கள் எல்லாரும் இறக்கி வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து ஆவணியில் கல்யாணம் வரை எனக்குத் தூக்கம் சரியில்லை. எங்கே ஸ்பீக்கர் கட்டினாலும் பக்கென்றது.

வரவேற்பன்று டி.ஜே. மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடு. எட்டு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. பரிசுப் பெட்டியும் போட்டோவுமாக வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. மாமியார் முதல் வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். விளக்குகள் சுழன்றன. தாளம் ஏறத் தொடங்கியது. இரண்டாவது அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சொல்லி சொல்லி சொல்லி சொல்லி..."

மாப்பிள்ளையின் தம்பிமார்கள் எல்லாம் மேடைக்கு முன்னால் பாய்ந்தார்கள். நான் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையிடம் மெல்லக் கேட்டேன்.

"இந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க ஊரு டிராக்டர் எல்லாத்துலயும் இதான் ஓடுது" என்றார் அவர், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி.

அது போகட்டும், அணில் குரல்தானே என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் அந்த டி.ஜே. கையைத் தூக்கினான். தாளத்தை அடக்கினான். அவனிடம் மூலமும் இருந்திருக்கிறது. மண்டபத்தின் எட்டு ஸ்பீக்கரிலும், என் சொந்தக் குரல், ஒரு எழுத்து குறையாமல் வந்தது.

"சடைய இழுத்துப் பாத்தாங்க, சவுரியான்னு கேட்டாங்க..."

அடுத்த வரியில் பஜ்ஜி வரும், அதற்கடுத்து கைக்குட்டை வரும். முதல் வரிசையில் மாமியார் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜூஸ் கவுன்ட்டர் பக்கம் நின்ற தோழி டம்ளரோடு டி.ஜே.யை நோக்கி ஓடுவது தெரிந்தது. எட்டமாட்டாள். நடுவில் பாதி ஊர் இருந்தது. என் பின்னால் நின்ற அம்மா என் காதருகே குனிந்தாள். முடிந்தது என்று நினைத்தேன்.

"எவடி இவ, கொரங்காட்டம் கத்தறா?" என்றாள் அம்மா.

அதே நேரம் ஆடிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அலுத்துவிட்டது. "இன்னாபா பேசிக்கினே இருக்க, அடிபா!" என்று ஒருவன் கத்தினான். விசில் பறந்தது. டி.ஜே. பயந்துபோய் வரியைப் பாதியில் வெட்டி டிராப்பைப் போட்டான். தொப்பென்று விழுந்தது. மண்டபமே குதித்தது. என் பஜ்ஜியும் கைக்குட்டையும் கரும்புத் தோட்டமும் அந்தச் சத்தத்துக்கு அடியில் போயே போய்விட்டன.

வார்த்தைக்குப் பொறுமை இல்லாத கூட்டம் என்று நான் எத்தனை நாள் திட்டியிருப்பேன். அன்று அவர்கள் ஒவ்வொருவர் காலையும் தொட்டுக் கும்பிட்டிருப்பேன். தோழி பாதி வழியில் நின்று, நெஞ்சில் கை வைத்து என்னைப் பார்த்தாள். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புதான் எங்கள் ஆல்பத்திலேயே நல்ல படம். மறுநாள் ஆறு மணிக்குத் தாலி ஏறியது. அந்த நிமிடம் எனக்கு வந்தது வெட்கமோ அழுகையோ இல்லை, நிம்மதி. அப்பாடா என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம், நெட்டப்பாக்கத்து வீட்டில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மாமியார் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார், நான் மாவு கரைத்தேன். எண்ணெய் காய்ந்ததும் ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தார். எனக்கு நாலு வைத்தார். பிறகு ஜல்லிக் கரண்டியைப் பிடித்தபடியே, திரும்பாமல் சொன்னார்.

"அந்த அஞ்சாவது பஜ்ஜிய எனக்குன்னு எடுக்கலம்மா. பொண்ணு வூட்டுல இன்னா குடுத்தாங்கன்னு நான் வூட்டுக்கு வந்ததும் வராததுமா எம் புள்ள கேப்பான். அவனுக்குத்தான் எடுத்தேன்."

கையிலிருந்த பஜ்ஜியை நான் தட்டிலேயே வைத்துவிட்டேன். "அத்த..." என்றேன்.

"ஆலை வாசல்ல வண்டி வரிசையில நிக்கும்போது எவனோ அந்த ஆட்டப் பாட்டப் போட்டுருக்கான். முழுசா இன்னா சொல்றாங்கன்னு பாக்கலாம்னு இவன் தேடி எடுத்து, வூட்டுல எங்கிட்ட போட்டுக் காட்டுனான். சடை, சவுரி, கர்ச்சீப்பு, ஒண்ணு விடல நீ. ரெண்டு நாளு சிரிச்சேன். கொஞ்சம் கோவமும்தான்."

"எப்ப அத்த கேட்டீங்க? கல்யாணத்துக்கு அப்புறமா?"

அவர் இப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார்.

"கேட்டுட்டுதானேம்மா சொல்லி அனுப்புனோம்" என்றார். ஐந்தாவது பஜ்ஜியை எடுத்து என் தட்டில் வைத்தார்.