அடுப்படியின் உயரம்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினான்காம் திகதி, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தே கால் மணி. மழை சற்று விட்டிருந்தது. தேயிலைத் தோட்டத்தில் வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்தில், எங்கள் வீட்டின் பின்புறத்தில் கட்டட வேலை செய்யும் பாஸ் ஒரு கம்பை நட்டு, கூரையின் விளிம்பிலிருந்து அதுவரை நூல் கட்டினார். அடுத்த தை மாதத்தில் கட்டவிருந்த புதுக் குசினியின் கூரை அந்த நூலின் சரிவிலேயே இறங்கும் என்றார்.

குசினி அம்மாவுக்காக. முதுகுத்தண்டில் சத்திரசிகிச்சை செய்த மருத்துவர், இனிக் குனிந்து எந்த வேலையும் செய்யக் கூடாது என்று சொல்லியிருந்தார். அம்மா கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்டார். தரையோடு இருந்த அடுப்பில் சமைப்பதை நிறுத்த முடியவில்லை. வேலையிலிருந்து நின்றபோது அவருக்குக் கிடைத்த சேமலாபப் பணம்தான் எங்கள் முழு வரவு. அதற்குள் இடுப்பளவு மேடை வைத்த ஒரு குசினியும், அதை ஒட்டி நான் படிப்பதற்குக் கதவுள்ள ஒரு சிறிய அறையும் என்று திட்டமிட்டிருந்தோம். பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்த நான்தான் செலவைக் கணக்கிட்டேன்.

"அடுப்பு எந்தப் பக்கம் வரும்?" என்று பாஸிடம் கேட்டேன்.

"பொகை போகணும்ல. கடைசிச் சொவத்து ஓரமாத்தான்."

அம்மா அந்த இடத்தைப் பார்க்க வந்தார். நூலுக்கு அடியில் வந்ததும், யாரும் சொல்லாமலே தலையைத் தாழ்த்தி முதுகை வளைத்துக்கொண்டார். மேலே கூரை இல்லை. ஒரு நூல் மட்டுமே இருந்தது. கம்பின் அருகில் அதன் உயரத்தை அளந்தேன். ஐந்தடிக்கும் குறைவு.

"இதுக்குள்ள அம்மா எப்படி நிமிந்து நிப்பாங்க?"

அப்பா நூலைப் பார்க்கவேயில்லை. "எல்லா வீட்டுலயும் இப்புடித்தானே இழுத்திருக்காங்க. பழகிரும், புள்ள."

உண்மைதான். லயத்தின் ஆறு வீடுகளுக்கும் ஒரே கூரை. அது தோட்டத்துக்குச் சொந்தமானது என்பதால், வீட்டை நீட்டுகிற எவரும் அதில் கை வைப்பதில்லை. பழைய விளிம்பிலிருந்து தகரத்தைக் கீழ்நோக்கி இழுப்பார்கள். ஆகவே எங்கள் வரிசையில் நீட்டிக் கட்டிய ஒவ்வொரு குசினியிலும் அடுப்பு இருக்கும் இடமே மிகத் தாழ்வான இடம்.

தரையைத் தோண்டி இறக்கலாம் என்றார் பாஸ். பின்னால் மலைச்சரிவு, அடைமழைக்கு அடுப்பு மிதக்கும் என்று அப்பா மறுத்தார். மிஞ்சியது ஒரே வழி: எங்கள் வீட்டின் மேல் உள்ள தகரங்களைக் கழற்றி, புதுக் கூரையை விளிம்புக்கு மேலிருந்து தொடங்குவது. ஆனால் எங்கள் ஓரத் தகரம் பக்கத்து வீட்டின் தகரத்துக்கு அடியில் செருகியிருந்தது. அவர்களுடையதையும் தூக்காமல் எங்களுடையதைக் கழற்ற முடியாது.

பக்கத்து வீட்டு அக்கா கழிவுநீர்க் கானுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, தொரை பங்களா மாதிரி ஒசத்துறீங்களா? மொட்ட மாடியும் உண்டா?"

"ஒங்க தகரத்த ஒரு நாளைக்குத் தூக்கணும்க்கா," என்றேன்.

"தூக்குவீங்க. தூக்குன தகரம் ஒழுவாம இருக்குமா? ஆணி ஓட்டை ஒன்னு போதும், எங்க கட்டில் நனைஞ்சிரும். கெம்பஸ் புள்ள வந்து கொட புடிப்பியா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பழைய தகரத்தைக் கழற்றினால் அது மீண்டும் முன்போலப் பொருந்தாது.

"ஒங்க ஓரத்துக்குப் புதுத் தகரம் போட்டுத் தர்றோம். சரியாக்கா?"

அவர் கையிலிருந்த சட்டியைக் கவிழ்த்து வைத்தார். "புதுசுன்னா புதுசு. கழட்டுனதுக்குச் சாயம் பூசிட்டு வந்தா நான் விடமாட்டேன்."

அப்பா என்னை உள்ளே அழைத்தார். "வாயால சொல்லிட்ட. காசு எங்க?"

என் அறையின் சுவர், கதவு, ஜன்னல் மூன்றையும் செலவுக் கணக்கிலிருந்து அடித்துவிட்டு அதை அவரிடம் காட்டினேன். உயர்த்தும் கூரைக்கும் அக்காவின் தகரத்துக்கும் அது போதும். குசினியின் உட்பூச்சு மட்டும் பிறகு.

"அப்ப நீ எங்க படிப்ப?"

"இப்ப படிக்கிற எடத்துலதான்."

அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "எனக்காக வேணாம்மா. ரூமக் கட்டு. நான் குனிஞ்சு சமாளிச்சுக்குவேன்."

"குனியக் கூடாதுன்னுதானே இந்தக் குசினியே, அம்மா."

அடித்த வரிகளை அடித்தபடியே விட்டேன். வீட்டின் பின்னால் கட்டிக்கொள்ள அப்பாவுக்கு வாய்வார்த்தையில் சம்மதம் கிடைத்திருந்தது. கூரையைத் தொடுவதற்கு அது போதாது. தோட்ட அலுவலகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அப்பா தயங்கினார். முப்பது வருடம் வேலை செய்த இடத்தில் 'இல்லை' என்ற பதிலைக் கேட்டுவிட்டால் அதன் பிறகு ஒன்றும் கேட்க முடியாது என்றார். நானே போவதாகச் சொன்னேன்.

மறுநாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டு கலைந்ததும் அலுவலகத்துக்குப் போய், தோட்ட மேலாளரான துரையிடம் அனுமதி கேட்டு எழுதிய கடிதத்தைக் கொடுத்தேன். லயத்துக் கூரையை ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்டார். அம்மாவின் உயரத்தையும் நூலின் உயரத்தையும் சொன்னேன். பார்ப்பதற்கு ஆள் அனுப்புகிறேன் என்றார்.

"எப்போ சார்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கண்டாக்கையா மலையிலருந்து வரட்டும்."

வெளியே இருந்த வாங்கில் உட்கார்ந்தேன். தேநீர் நேரம் கடந்த பிறகே, மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்தார். திங்கட்கிழமை பார்க்கலாமே என்றவரிடம், வீடு பக்கத்தில்தான் என்று சொல்லி, அவரை அழைத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தேன்.