எழுபத்தைந்தின் நான்கு வால்கள்

“தொள்ளாயிரத்தி எழுவத்தஞ்சு.”

செபாஸ்தியம்மாள் இப்படிக் கூப்பிடும்போது முனியப்பன் பலகையில் பாதிகூட ஏறியிருக்க மாட்டான். அவன் கூடையை லாரிக்குள் கவிழ்ப்பதற்குள், பின்னால் வரும் சோலைமலைக்கு “ஆயிரத்தி அம்பது” தயாராக இருக்கும். செம்பட்டிக்குப் பக்கத்துத் தேங்காய்க் களத்தில் லோடு ஏறும் நாளெல்லாம் அவள் நிற்பது பலகைக்கு அருகில்தான். இடது கை லாரியைப் பிடித்திருக்கும். வலது கை முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருக்கும்.

கூடைக்கு உரித்த காய் எழுபத்தைந்து. கூடை ஏற ஏற எழுபத்தைந்தைக் கூட்டி உரக்கக் கூப்பிட வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் காதால் கேட்ட எண்தான் கணக்கு; கோடு கிழித்து எண்ணினால் இரண்டு பேருமே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுபத்தைந்தை அடுப்படியில் வைத்துத் தானாகவே பழகினாள். தோசையைத் திருப்பினால் ஓர் எண், குடம் நிறைந்தால் ஓர் எண். “கொழம்புல உப்பு போட்டியாம்மா?” என்று மகள் ஜெஸ்ஸி கேட்டதற்கு “அறுநூறு” என்று பதில் சொன்ன கதை தெரு முழுக்கத் தெரியும்.

“இம்புட்டுப் பெரிய எண்ணான்னு மொதல்ல பயந்தேன். பாத்தா அதுக்கு நாலு வாலுதான்” என்பாள். எழுபத்தைந்து, ஐம்பது, இருபத்தைந்து, அப்புறம் முழு நூறு. எத்தனை ஆயிரம் போனாலும் எண்ணின் கடைசி இந்த நான்குக்குள்ளேயே சுற்றும். கூடை சுமப்பவர்களும் நான்கு பேர். ஆகவே ஆளுக்கொரு வாலை ஒட்டிவிட்டாள். முனியப்பனுக்கு எழுபத்தைந்து, சோலைமலைக்கு ஐம்பது, ஜெரோமுக்கு இருபத்தைந்து, கடைசியாக வரும் கருப்புசாமிக்கு முழு நூறு.

“எனக்கு மட்டும் என்னக்கா முட்டை?” என்பான் கருப்புசாமி.

“ரெண்டு முட்டைலே. ஒனக்குத்தான் சத்து வேணும்.”

முன்பு கூப்பிட்டவர் திருப்பூருக்குப் போனதும், களத்துக்காரர் முத்துச்சாமியிடம் வாதாடி வாங்கிய வேலை இது. அதுவரை அவள் பாரையில், அதாவது நட்டுவைத்த கூர்க்கம்பியில், தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கட்டும் வீங்கி, சோறு பிசையவே வலிக்கும். முத்துச்சாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “ஏத்துன காய எறக்கி எண்ற மாதிரி வச்சே, மறுநாளே பாரைக்குப் போயிரணும் தாயி.” இரண்டு வருடம் அப்படி ஒரு நாள் வரவில்லை.

2003 ஆவணியில் வந்தது. வியாபாரியின் ஆள் அன்று முதல்முறையாகச் செல்போனோடு வந்திருந்தான். இங்கே முதல் கூடைக்கு எண் சொல்வதில்லை; “லாபம்” என்பார்கள். அடுத்த கூடை நேராக “நூத்தம்பது”. அவள் “லாபம்” சொல்லி வாய் மூடவும் போன் அலறவும் சரியாக இருந்தது. களமே திரும்பிப் பார்த்தது. அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு களத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தினான். அவள் கண் அவன் பின்னாலேயே போனது. வாய் மட்டும் பழக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

“ஆயிரத்தி ஐநூத்தி எழுவத்தஞ்சு” என்று கூப்பிட்டுவிட்டுப் பலகையைப் பார்த்தாள். சோலைமலை ஏறிக்கொண்டிருந்தான்.

“ஏலே, நில்லுங்க. நீ அம்பதுல்ல?”

இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். லாபக் கூடையைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த கூடையை எழுபத்தைந்து என்று தொடங்கியிருப்பாள். அப்படியானால் கூப்பிட்ட எண்ணைவிட ஒரு கூடை கூடுதலாக ஏறியிருக்கும்; அந்தக் காய் விற்கும் முத்துச்சாமிக்கு நட்டம். இல்லை, முனியப்பன் வழியில் ஒதுங்கி, மற்ற மூவரையும் முன்னால் விட்டிருப்பான். அப்படியானால் கணக்கில் பிசகில்லை.

“தண்ணி குடிக்க ஒதுங்குனியாடா?”

“குடிச்சேன்க்கா. ஆனா இவிங்க முந்திப் போனாய்ங்களா, எனக்காக நின்னாய்ங்களான்னு நான் எங்க பாத்தேன்? நானும் போனத்தான் பாத்தேன்.”

ஜெரோம் நின்றோம் என்றான். கருப்புசாமி நடந்தோம் என்றான். சோலைமலை தலையில் கூடையோடு, “யாராச்சும் சீக்கிரம் சொல்லித் தொலைங்கப்பா, கழுத்து ஒடியுது” என்றான்.

முத்துச்சாமி எழுந்து வந்தார். “ஒரு கூடைதான? போனாப் போகுது, நீ கூப்பிடு. நான் சொன்னத நானே மறந்துட்டேன்னு வச்சுக்க.”

“ஒங்களுக்கு மறந்துரும்ணே. நாளைக்கு நான் ஒரு எண்ணு கூப்பிட்டா, அது நெசந்தானான்னு எனக்கே சந்தேகம் வருமே?”

“யக்கா, இருவது கூடையையும் எறக்கவா சொல்றே? பாரை அங்க காத்துக் கெடக்கு, பாத்துக்க” என்றான் முனியப்பன்.

அவள் களத்து மூலையில் நட்டிருந்த பாரையைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். லாரியின் பின்கதவுக்குப் போய், இரண்டு பக்கத்துக் கொக்கியையும் உள்ளங்கையால் தட்டிவிட்டாள். கதவு தொங்கியது. காய்கள் மடமடவென்று உருண்டு வந்து அவள் கணுக்காலில் மோதின. அவள் பின்னால் நகரவில்லை.