சித்தப்பா விரல் தூக்கிய இடம்

அன்று சித்தப்பா ஏன் வானொலியை அணைக்கவில்லை? பதினைந்து வருடங்களாக யோசிக்கிறேன், இன்னும் பதில் தெரியவில்லை. கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நானாக இருந்தால் தூக்கி வாசலில் எறிந்திருப்பேன்.

எழுபதுகளின் கடைசி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். அப்பாவின் தம்பியான சித்தப்பா பகலில் குமாஸ்தா. மாலையில் ஓர் இசைக்குழுவில் அக்கார்டியன் வாசிப்பார். குழுத் தலைவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். கிள்ளான் வரை எந்தக் கல்யாணத்துக்கும் மாஸ்டர் குழுதான். ஆனால் அவர்கள் வாசித்த பாட்டுகளுக்கெல்லாம் நோட்ஸ் எடுத்தது சித்தப்பா. இசைத்தட்டின் மேல் ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்துக் கேட்டு, வயலினுக்கு ஒரு தாள், புல்லாங்குழலுக்கு ஒரு தாள் என்று எழுதுவார். தட்டுகளை யாருக்கும் இரவல் தரமாட்டார், மாஸ்டருக்கும்கூட. தாள்கள் மட்டுமே வீட்டைவிட்டுப் போகும்.

தட்டுகளில் ஒன்றின் மேல் அவர் உயிரையே வைத்திருந்தார். சாலாக் செலாத்தானில் குடியிருந்த நண்பர் வீடு மாறும்போது விட்டுப்போன பழைய திரைப்படத் தட்டு; முதலிலிருந்து கடைசிவரை பொரிந்துகொண்டே ஓடும். வானொலியில் அதிகம் போடாத ஒரு பாட்டு அதில் இருந்தது. இரண்டாவது இடையிசையில் வயலின்கள் ஏறிக்கொண்டே போய், நினைக்காத இடத்தில் சட்டென்று சரணத்துக்குத் தாவும். அப்போது சித்தப்பா ஒரு விரலைத் தூக்குவார். "மூச்சு விடற எடத்தையே வெட்டிட்டாரு பாத்தியா" என்று இசையமைப்பாளரை மெச்சுவார்.

பிரபலங்கள் தங்களுக்குப் பிடித்த இசைத்தட்டைப் பற்றிப் பேசும் வானொலி நிகழ்ச்சிக்கு ஒருநாள் மாஸ்டரை அழைத்தார்கள். அவர் அந்தத் தட்டைத்தான் தேர்ந்தெடுத்தார். நிகழ்ச்சியில் பேச்சு மட்டும்தான், பாட்டைப் போடமாட்டார்கள். உன் பெயரைக் கட்டாயம் சொல்கிறேன் என்று சித்தப்பாவிடம் வாக்கும் கொடுத்தார். அம்மா வடை சுட்டு அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டுவிட்டாள்.

மாஸ்டர் நன்றாகவே பேசினார். அந்தத் தட்டைத் தன் வீட்டில் தேயத் தேயக் கேட்டதாகச் சொன்னார். பிறகு, "ரெண்டாவது இடையிசையில ஒரு தாவல் வரும் பாருங்க. மூச்சு விடற எடத்தையே வெட்டிட்டாரு" என்றார். சித்தப்பாவின் வார்த்தைகள், ஒன்றுகூட மாறாமல். நோட்ஸ் யார் எடுப்பது என்று அறிவிப்பாளர் கேட்டார்.

"நானேதான். இந்தக் காது ஒண்ணு போதும்லா."

வீட்டில் யாரும் வடையைத் தொடவில்லை. சித்தப்பா நிகழ்ச்சி முடியும்வரை அசையாமல் கேட்டார். மறுநாள் பக்கத்து வீட்டு ஆன்டி வேலிக்கு அப்பாலிருந்து, "என்ன கிளார்க்கு, ஒங்க பேரு வரப்ப கரெண்டு கட்டாயிருச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். அதன்பின் சித்தப்பா குழுவுக்குப் போகவில்லை. அக்கார்டியன் அலமாரிக்கு மேலே ஏறியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. மாஸ்டரை அன்றிலிருந்து நான் மன்னிக்கவில்லை.

இப்போது கிள்ளானில் இருக்கிறேன். என் மகளின் பாலர் பள்ளி ஆண்டு விழாவில் கலைஞர்கள் தங்களுக்குப் பிடித்த இசைத்தட்டைப் பற்றிப் பேசப் போகிறார்கள். பாட்டுகளைச் சேகரித்து மேடையில் ஒலிக்கவிடுவது என் பொறுப்பு. மாஸ்டரும் வருகிறார். அதே தட்டுதான் வேண்டுமாம், அதே பாட்டு.

அந்தப் பாட்டு புதிதாக ஒலிநாடாவில் வந்திருக்கிறது என்றார்கள், வாங்கினேன். வயலின்கள் ஏறின. ஆனால் தாவவில்லை. ஒரு சுற்று நிதானமாக மூச்சுவிட்டு, பிறகுதான் சரணம் வந்தது. நாடாவில்தான் கோளாறு என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். அதிலும் அப்படியே.

மகளைத் தூங்கவைக்கும்போதுதான் விளங்கியது. சித்தப்பாவின் தட்டில் கீறல் இருந்திருக்கிறது. அவ்வளவு பொரியும் சத்தத்தில் ஊசி எகிறியது யார் காதில் விழும்? அவர் கீறலை நோட்ஸாக எழுதினார், குழு கீறலை வாசித்தது, மாஸ்டர் கீறலைப் புகழ்ந்தார். அப்படியென்றால் சொந்தத் தட்டு என்று ஒன்று மாஸ்டரிடம் இருந்ததே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை. அவர் அந்தத் தாவலை வர்ணித்து முடிக்கட்டும், நான் பொத்தானை அழுத்துவேன். நூறு பேர் முன்னால் அந்த முகம் எப்படிச் சுருங்கும் என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் பார்த்துக்கொண்டேன். "பழசு, விட்டுரும்மா" என்ற கணவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

சித்தப்பா இதைப் பார்க்க வேண்டாமா? அவர் இப்போது இருக்கும் செமினிக்குப் போய் அழைத்தேன். வரமாட்டார் என்றுதான் பயந்தேன். மாஸ்டர் எந்தப் பாட்டைப் பற்றிப் பேசப்போகிறார் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். உடனே என் மகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வயலின் பகுதியை முணுமுணுத்தார். அந்த இடத்தில் விரல் உயர்ந்தது, குழந்தை சிரித்தாள். அவர் தட்டு மழையில் கூரை ஒழுகிக் கெட்டுப்போய் எத்தனையோ வருடமாகிறது. "அந்த எடத்த இன்னொரு தடவ கேட்டுட்டாப் போதும்மா. முன்னாலயே ஒக்கார வை" என்றார்.

ஒலிநாடா என் கைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

விழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அந்தப் பாட்டைப் போட்டால் மாஸ்டர் தலைகுனிவார். முன்வரிசையில் சித்தப்பா விரலைத் தூக்கிக்கொண்டு, வராத தாவலுக்காகக் காத்திருப்பார். போடாவிட்டால் அந்த மனிதர் இரண்டாவது தடவையும் கைதட்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார், அதை என்னால் தாங்க முடியாது. சித்தப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாமா? சொல்வதென்றால் எப்படித் தொடங்குவது? வாசகர்களே, என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள்.