காடி வெட்டிய கல்

செஞ்சியில் என் வீட்டு வாசற்படிக் கருங்கல்லில் இரண்டு காடிகள் ஓடுகின்றன. நேர்கோடு. இரண்டு விரல் நுழையும். மழைத்தண்ணீர் போகவா என்று கேட்பார்கள். இல்லை. அதில் ரயில் போனது.

அறுபதுகளில் எங்கள் ஊர் ரைஸ்மில் முதலாளி மெட்ராசிலிருந்து ஒரு சின்ன ரயில் வாங்கி வந்தார். முழங்கால் உயரம்கூட இல்லை. கரி போட்டால் புகை விட்டு ஓடும். ரயில் பார்க்கத் திண்டிவனம் போக வேண்டிய ஊர் எங்களுடையது. ஊரே அவர் தோட்டத்து வேலி ஓரம் நின்றது. வீட்டைச் சுற்றித் தண்டவாளம் போட்டார். கேட்டிலிருந்து வாசலுக்குக் கார் போகும் பாதை குறுக்கே வந்தது. கார் ஏறித் தண்டவாளம் நசுங்கியது. இதைச் சரிசெய்கிறவனுக்குத்தான் மில்லில் புதுக் களம் போடும் வேலை என்றார்.

நான் கொத்தனார். கார்ப் பாதையில் பள்ளம் எடுத்து, தண்டவாளத்தை இறக்கி, சிமெண்டு போட்டுக் கரணையால் தேய்த்து முடித்தேன். இடைவெளி விட்டால் எங்கள் வேலையில் அது குறை. கார் அலுங்காமல் போனது. ரயில் வந்தது, சாய்ந்தது. சக்கரத்தின் உள்பக்கம் ஒரு விளிம்பு உண்டு; அது இறங்கி ஓட இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் நான் அழகாகப் பூசி மூடியிருந்தேன்.

என் மனைவியின் அண்ணனைக் கூப்பிட்டார்கள். கல் வேலைக்காரர். என் சிமெண்டை உடைத்து எடுத்துவிட்டு மூன்று பலகைக் கல் பதித்தார். காடி வெட்டித் தண்டவாளத்தை உள்ளே வைத்து, விளிம்புக்கு இடம் விட்டார். காரும் போனது, ரயிலும் போனது.

அன்று சோறு போட்டுக்கொண்டே என் மனைவி சொன்னாள்: “எங்க அண்ணன் கை வெச்சா பெசகாது.”

பாதிச் சோற்றில் கை கழுவினேன்.

மறுநாள் காலை, உடைத்த சிமெண்டை வாரிக் கொட்டுகிற சாக்கில் போனேன். இரண்டு சில்லைக் காடியில் செருகினேன். முதலாளி பார்க்க ரயில் கவிழ்ந்தது.

“இன்னாய்யா, நீயும் இப்டித்தானா?” என்றார் மச்சானிடம்.

அவர் குந்தி, உளி முனையால் சில்லை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் வழவழப்பு. என் கரணை தேய்த்த வழவழப்பு. என்னை ஒரு தரம் பார்த்தார். சில்லை மடியில் கட்டிக்கொண்டார்.

“கார் டயர்ல வந்த கல்லுங்க. தெனம் கூட்டிட்டா போதும். களத்துக்கு மாப்ளய போடுங்க. நெல்லு கொட்ற எடத்துல எடைவெளி ஆவாது. அந்தப் பூச்சு அவருக்குத்தான் வரும்.”

வேலை எனக்கு வந்தது. திரும்பும் வழியில் ஒன்றே ஒன்று சொன்னார்.

“பூச்சு நல்லா இருந்துச்சு மாப்ள. ஒடைக்கத்தான் நேரம் ஆச்சு.”

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு நன்றி வரவில்லை. பொறாமைதான் கூடியது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

மச்சான் போய்ச் சேர்ந்து பல வருடம். முதலாளி வீட்டை இடித்தபோது அந்த மூன்று கல்லில் ஒன்றைக் கேட்டு வாங்கி, வண்டியில் ஏற்றி வந்தேன். வாசல் கூட்டினாலும் காடியில் பொடிக்கல் தங்கிவிடும். தண்ணீர் ஊற்றினால் போய்விடும் என்கிறாள் மருமகள். நான் ஆணியால்தான் கிளறி எடுக்கிறேன். எடுத்த கல்லை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறேன், ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கிறதா என்று.