கொட்ட மனம் வராதவள்

வேதியியல் ஆய்வகத்தில் நான் பொருளறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடிச் சாமான் உடைந்தால் நான் எழுதும் உடைசல் கணக்கில் ஒருமுறைகூடப் பெயர் ஏறாத மாணவி அவள் ஒருத்திதான். சக மாணவிகள் அவளைச் 'சிக்கனம்' என்றே கூப்பிட்டார்கள். பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்ளே இருப்பதை வழித்தெடுப்பவள். வடிதாளைக் கூட இரண்டாக வெட்டிப் பாதியைப் பத்திரப்படுத்துவாள். அப்பா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். அக்கா வேலை பார்க்கும் துணிக்கடையில் இவளுக்கும் ஓர் இடம் பேசி வைத்திருந்தார்கள். எழுத்துத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவள், செய்முறைத் தேர்வில் தவறியிருந்தாள். இந்த முறையும் தவறினால் படிப்பு அதோடு நின்றுவிடும்.

அவளுடைய தொல்லை ஒன்றே ஒன்றுதான். கரைசலைச் சொட்டுவிட்டு அளக்கும் டைட்ரேஷனை மூன்று சுற்று செய்தால் மூன்றிலும் ஒரே எண் வர வேண்டும்; இவளுக்கு அளவுகள் ஒத்துப்போவதில்லை. பியூரெட் என்ற நீண்ட அளவுக் குழாயிலிருந்து ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் இளஞ்சிவப்பு நிலைத்ததும் நிறுத்துவாள். கண் இமைக்காமல் அளவைப் படிப்பாள். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும். மற்றவர்களைப் போல இரண்டாவது எண்ணை முதலாவதைப் பார்த்து எழுதிவைக்க அவளுக்குத் தெரியாது.

தேர்வுக்கு முந்தைய வாரம், பக்கத்து மேசைக்காரி தன் வேலையை விட்டுவிட்டு இவளையே கவனித்தாள். வகுப்பில் அவளுக்கு 'வாயாடி' என்று பெயர். சிக்கனம் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் பியூரெட்டைத் தண்ணீரில் அலசினாள். பிறகு நேராகக் கரைசலை ஊற்றினாள்.

"ஏய், நில்லு! கொஞ்சம் கரைசல் விட்டு அலசிக் கொட்டலையா?"

"அதான் தண்ணியில பளிச்சுனு கழுவியாச்சே. நல்ல கரைசலை எதுக்குடி சிங்க்ல கொட்டணும்?"

"உள்ள ஒட்டியிருக்கற தண்ணி எங்க போகும்? உன் மாமியார் வீட்டுக்கா?"

சிக்கனம் பியூரெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உட்சுவரில் துளிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"பால்காரரே தேவலை. அவர் தினமும் ஒரே அளவா தண்ணி கலப்பாரு. நீ சுத்துக்குச் சுத்து அளவை மாத்துறே!"

சிக்கனத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "முதல் வகுப்புலயே சொன்னாங்கடி. சரியா கழுவாதவங்களுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

தேர்வன்று ஆளுக்கு ஒரு புட்டிதான் கரைசல். தீர்ந்தால் மறுபடி கிடையாது என்று தேர்வாளர் முதலிலேயே சொல்லிவிட்டார். சிக்கனம் கொஞ்சம் ஊற்றி, பியூரெட்டைச் சாய்த்து உருட்டி அலசினாள். கழுவுதொட்டி அருகே போனதும் அவள் கை அப்படியே நின்றது. புட்டியைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டினாள். ஊதா நிறம் தொட்டியில் வழிந்து இறங்கியது. அடுத்த சுற்றிலும் அதே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது சுற்றுக்குப் புட்டியைக் கடைசிச் சொட்டு வரை கவிழ்க்க வேண்டியிருந்தது.

தேர்வாளர் அவள் தாளைப் பார்த்தார். பியூரெட்டையும் ஒருமுறை குனிந்து பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

வாசலில் வாயாடி காத்திருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"மூணும் ஒண்ணு!"

"பாஸுடி நீ! ஆமா, மொத்தம் எவ்வளவு கொட்டினே?"

"அதை மட்டும் கேக்காதே. வயிறு எரியுது."