கற்பூரத் தட்டு யார் கையில் இருந்தது

சுகன்யாவின் வலது கட்டைவிரல் இப்போது முழுதாக மடங்குவதில்லை. அவர் பல் மருத்துவர். வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் மேற்படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தார். மெல்லிய கருவியை மூன்று விரல்களால் பிடித்து மயிரிழை அளவு நகர்த்துவதுதான் அவர் தொழில். அந்த விரல்கள் வெந்தது எங்கள் அடுக்குமாடியின் கார் பார்க்கிங்கில், ஆயுத பூஜை அன்று, வண்டி கழுவிய பெட்ரோலால்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். எதற்கும் தேதி குறித்து வைப்பேன். கல்வெட்டுப் புத்தகங்களை அதிகம் படித்ததால் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. இந்தக் குறிப்பில் மட்டும் தேதி போடவில்லை, பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட எல்லாரும் இன்னும் ஒரே லிஃப்டில்தான் ஏறி இறங்குகிறோம். வீட்டில் வைத்து வண்டி வேலை பார்க்கும் இளைஞர்களுக்காக எழுதுகிறேன். கிழவன் புலம்புகிறான் என்று தோன்றினால் தோன்றட்டும்.

1. மூக்கு ஊட்டுக்குப் போயிடும்

ஸ்டோர்ஸில் நிம்மதியாக இருந்த என்னை ஒரு திங்கட்கிழமை பெயின்ட் ஷாப்புக்கு மாற்றினார்கள். ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஏகாம்பரம் என்னைவிட இரண்டு வயது இளையவர். மேனாம்பேட்டுக்காரர். வருடா வருடம் மாலை போட்டு மலைக்குப் போகிறவர். என்னை அவருக்குப் பிடிக்கவில்லை, கடைசி வரை பிடிக்கவும் இல்லை. ஸ்டோர்ஸ்காரன் குண்டூசியை எண்ணுகிறவன் என்பது அவர் கணிப்பு.

உள்ளே நுழைந்ததும் கேட்டார்: "இன்னா ஸ்டோர்ஸு, எதுனா வாசன வர்தா?"

"தின்னர் வாசனை பயங்கரமா வருதுங்க."

"சரி, இப்டி குந்து."

ஒரு டீ குடிக்கும் நேரம் போனது. மறுபடி வந்தார்.

"இப்போ?"

"இப்ப அவ்வளவா இல்லை. பழகிடுச்சு போல."

"பழகிட்ச்சா! கேட்டீங்களாடா, ஐயாவுக்குப் பழகிட்ச்சாம்." பெயின்ட் அடிக்கும் பூத்தில் இருந்த பெயின்டர்கள் சிரித்தார்கள். "மூக்கு ஊட்டுக்குப் போயிட்ச்சு நைனா. தின்னர் இங்கியேதான் கீது. வாசன இல்லன்னு எவனாச்சும் சொன்னான்னா அவன வெளிய இட்டுக்கினு போ. மொதல்ல அவன, அப்புறம் டிரம்ம."

பாடம் என்றெல்லாம் அவர் நினைத்துச் சொல்லவில்லை. என்னை மட்டம் தட்டத்தான் சொன்னார். ஆனால் அந்த ஷாப்பில் நான் தெரிந்துகொண்ட எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. தின்னரும் பெட்ரோலும் திரவமாக எரிவதில்லை, ஆவியாகத்தான் எரிகின்றன. அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போய்க் கலைந்துவிடும் என்று நாம் நினைப்போம். அது தரையோடு ஊர்ந்து பள்ளம் தேடிப் படுத்துக்கொள்ளும். எங்கள் எக்ஸாஸ்ட் ஃபேன்கள் கூரையில் இல்லாமல் கணுக்கால் உயரத்தில் இருந்தது அதனால்தான். டிரம்மிலிருந்து கேனுக்கு ஊற்றும்போது இரண்டுக்கும் எர்த் கிளிப் போட வேண்டும். ஊற்றும்போதே நிலைமின்சாரம் சேரும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். பிளாஸ்டிக் பக்கெட் வாசலைத் தாண்டக் கூடாது. துடைத்த துணி மூடி போட்ட இரும்புத் தொட்டிக்குத்தான் போக வேண்டும்.

2. மஞ்சள் கோடு

கம்பெனிகளில் ஆயுத பூஜையை விடுமுறைக்கு முந்தின நாளே போட்டுவிடுவார்கள். எங்கள் ஷாப்பின் வாசலுக்கு வெளியே தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. கற்பூரம் அந்தக் கோட்டோடு நின்றுவிடும். பூத்துக்கும் கம்ப்ரெஸருக்கும் பொட்டு, மாலை, பொரி எல்லாம் உண்டு. நெருப்பு மட்டும் கிடையாது.

ஒரு வருடம் புதிதாக வந்த மேனேஜர், விருந்தாளிகள் வந்திருப்பதால் பூத்துக்கு முன்னாலேயே ஆரத்தி காட்டச் சொன்னார்.

ஏகாம்பரம் கையைக் கட்டிக்கொண்டு, "சாமிக்குக் கண்ணு தெரியும் சார். கோட்டாண்ட காட்னா உள்ள கீறது அவருக்குத் தெரியாதா?" என்றார்.

விருந்தாளிகளே சிரித்துவிட்டார்கள். மேனேஜரும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

நான் கிறிஸ்தவன். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வருவேன். கற்பூரத்தை உள்ளே விடாதது மதத்தோடு சம்பந்தப்பட்டது என்று அங்கே ஒருவரும் நினைத்ததில்லை. சொன்னது மாலை போட்ட ஆள். சொன்னவர் நானாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது நான் யோசித்ததும் இல்லை.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். பூஜைக்கு முந்தின நாள் ஏகாம்பரம் கேன்டீனுக்குப் போய், கற்பூரத் தட்டு எடுத்துவரும் கோவிந்தனைத் தனியே கூப்பிட்டுப் பேசுவார். சுண்டலில் தேங்காய் கூடப் போடச் சொல்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

3. தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல்

ஓய்வுக்குப் பிறகு காட்டுப்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட் வாங்கினோம். நான்காவது மாடியில் எதிர் வீட்டில் பிரவீன், அவன் மனைவி சுகன்யா. இருவரும் கரூர்ப் பக்கம். பிரவீனுக்கு ஐ.டி. வேலை. அப்பா ஓட்டிய பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை ஊரிலிருந்து கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பிரித்துப் பூட்டுவதுதான் அவன் பொழுதுபோக்கு. கெட்டிக்காரப் பையன், கை சுத்தம். கார்புரேட்டரை வெள்ளைத் துணி விரித்து அதன்மேல்தான் பிரிப்பான். ஆனால் கழுவுவது பெட்ரோலில். அதையும் தண்ணீர் பாட்டிலில் பிடித்து, மாடிப்படிக்கு அடியில் மீட்டர் போர்டு அலமாரியில் வைத்திருந்தான்.

"பிரவீன், இது இங்க இருக்கக் கூடாதுப்பா. மேல பூரா மீட்டர். தாகத்துக்கு எந்தக் குழந்தையாவது எடுத்துக் குடிச்சா?"

"அட, ஆமாங்க அங்கிள்." உடனே எடுத்துவிட்டான். பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அங்கிள் வந்துட்டாருங்கோ, சைரன் அடிங்க!" என்பான். எனக்கும் சிரிப்பு வரும்.

செயினுக்குச் சோப்புத் தண்ணீரில் கரையும் டிகிரீஸர் கடையில் கிடைக்கிறது என்று சொன்னேன். பெட்ரோல்தான் வேண்டும் என்றால் திறந்த வெளியில், இரும்புத் தட்டில், தேவையான அளவு மட்டும், எஞ்சின் ஆறிய பிறகு என்றும் சொன்னேன். தலையாட்டினான். அவன் மரியாதையில் எனக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை.

4. நல்ல நாள்

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. சாரல் அடிக்கிறது என்று பார்க்கிங்கின் திறந்த பக்கம் முழுவதும் பழைய ஃப்ளெக்ஸ் பேனர்களை இழுத்துக் கட்டியிருந்தார்கள். காற்று வர ஒரே வழி கேட்தான். வண்டிகள் எல்லாம் உள்ளே.

காலையில் பால் வாங்கப் போனபோது பிரவீன் தூணோரம் உட்கார்ந்து செயினைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பாதியாக வெட்டிய ஆயில் கேன் நிறைய பெட்ரோல், நனைந்த துணிகள். தரை ஈரமாக இருந்தது. அந்த ஈரம் மழைத் தண்ணீர் அல்ல.

"பூஜை எங்கப்பா?"

"இங்கயேதாங்க அங்கிள். பத்து மணிக்கு எல்லா வண்டிக்கும் சேர்த்து."

"இந்த எடத்துல கற்பூரம் வேணாம். கேனைத் தூக்கி வெளிய வை. பேனரை அவுத்து விடு. வண்டியை கேட்டாண்ட தள்ளி அங்க காட்டுங்க. நனைஞ்சா தொடச்சுக்கலாம், தீப்பிடிச்சா என்ன பண்ணுவே?"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். பூந்தமல்லிக்காரர், வாய் அதிகம். ஸ்டூலில் இருந்து இறங்கி வந்தார்.

"இன்னா சார் காலங்காத்தால? நல்ல நாளும் அதுவுமா தீ கீன்னு! கிறிஸ்மஸுக்கு உங்க ஊட்ல மெழுகுவத்தி ஏத்தறீங்க, நாங்க எதுனா வந்து சொல்றமா?"

"இது அது இல்ல சார். பெட்ரோல் ஆவி..."

"தெரியும் சார். நாங்களும் பி.எஸ்ஸி. படிச்சவங்கதான்."

பிரவீனுக்குச் சங்கடமாகிவிட்டது. "விடுங்க சார், அங்கிள் நல்லதுக்குத்தான் சொல்றாருங்க" என்றான். என் பக்கம் திரும்பி, "கேனை ஒரு அட்டையால மூடி தூணுக்குப் பின்னாடி வெச்சுடறேனுங்க. இப்ப ஸ்மெல்லே இல்லீங்களே அங்கிள்" என்றான்.

ஸ்மெல் இல்லை. எனக்கு ஏகாம்பரத்தின் சிரிப்பு காதில் கேட்டது. அந்த ஆளை வெளியே கூட்டிப் போ என்றார் அவர். ஆயுத பூஜை அன்று, தோரணம் கட்டிய இடத்தில் இருந்து, ஒரு கிறிஸ்தவன் யாரை வெளியே கூட்டிப் போவது? இன்னொரு முறை சொன்னேன். செயலாளர் ஸ்டூலில் ஏறிப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். நான் மாடிக்கு வந்தேன்.

பத்து மணிக்கு மேல் கீழிருந்து ஒரு சத்தம். வெடிச் சத்தமில்லை. பெரிய போர்வையை உதறினால் வருமே, அந்தச் சத்தம். பிறகு அலறல்.

நான் இறங்கியபோது தூணோரம் எரிந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பக்கெட் தண்ணீரை அதன்மேல் வீசினார்கள். பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதக்கும். தீயும் தண்ணீரோடு ஓடி அடுத்த வண்டியின் டயரைப் பிடித்தது. "தண்ணி ஊத்தாதீங்க, மணல், மணல்!" என்று கத்திக்கொண்டே, பக்கத்துக் கட்டட வேலைக்காகக் கேட்டருகே கொட்டியிருந்த எம்சாண்டை இரு கைகளாலும் அள்ளினேன். அதன் பிறகு எல்லாரும் அள்ளினார்கள். தீ அடங்கியது.

சுகன்யா சுவரில் சாய்ந்திருந்தார். பட்டுப்புடவை கருகியிருந்தது. அது பட்டாக இருந்ததால் உடம்பு தப்பியது. சிந்தெடிக் என்றால் உருகி ஒட்டியிருக்கும். வலது கை முழங்கை வரை வெந்திருந்தது. ஒரு அம்மாள் இட்லி மாவோடு ஓடிவந்தார். "மாவு வேண்டாமுங்க, தண்ணி மட்டும், தண்ணி மட்டும்" என்று அந்த வலியிலும் சுகன்யா சொன்னார். வளையல்களைக் கழற்றிவிட்டு, கையைக் குழாயடியில் பிடித்தேன். ஆம்புலன்ஸ் வரும் வரை எடுக்கவில்லை.

தரையில் கரித் தடம் தெளிவாக இருந்தது. சுகன்யா ஆரத்தி சுற்றி முடித்து, எரியும் தட்டைக் குனிந்து முன்சக்கரத்துக்கு எதிரே தரையில் வைத்திருக்கிறார். அங்கிருந்து கரி ஒரு நாக்கு போல நீண்டு, தூணைச் சுற்றிக்கொண்டு கேன் வரை போயிருந்தது. நின்றபடி காட்டிய வரை ஒன்றும் ஆகவில்லை. குனிந்தபோதுதான் கை ஆவிக்குள் போயிருக்கிறது.

5. கரிநாக்கு

நன்றி எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வந்தது வேறு. "காலையிலேயே தீ தீன்னு சொன்னாரு, அதேபோல ஆயிட்ச்சு பாரு" என்று செயலாளர் சொன்னது ஒவ்வொரு மாடியாக ஏறியது. கரிநாக்கு என்றார்கள். என் மனைவி மாலையில் பெண்களோடு நடக்கப் போவார். அவர்கள் நேரத்தை மாற்றிக்கொண்டு இவரிடம் சொல்லாமல் விட்டார்கள். பெட்ரோலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பேனரைக்கூட அவிழ்க்கவில்லை. பிரவீன் அந்த வண்டியை விற்றுவிட்டான். என்னைப் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். இருக்கிறது.

சுகன்யாவுக்கு இரண்டு முறை தோல் ஒட்டினார்கள். கட்டைவிரலை இழுத்துப் பிடித்த தழும்பு இன்னும் விடவில்லை. படிப்பு பாதியில் நிற்கிறது.

பல மாதங்கள் கழித்து லிஃப்டில் நானும் அவரும் மட்டும். கையில் நீளமான உறை போட்டிருந்தார். பட்டனை இடது கையால் அழுத்தினார்.

"நீங்க அன்னிக்கு அவருகிட்ட சொன்னீங்களாமா அங்கிள். நேத்துத்தான் சொன்னாரு."

"சொன்னேம்மா. ரெண்டு தடவை சொன்னேன்."

"செயலாளர்கிட்டயும் சொன்னீங்களாமா."

"ஆமா."

அவர் சத்தம் உயரவே இல்லை. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே. தட்டு என் கையிலதானுங்க இருந்துச்சு. காலேஜ்ல தினமும் ஸ்பிரிட் லேம்ப் பத்த வெச்சு மெழுகு உருக்கற வேலை எனக்கு. பக்கத்துல ஒரு சொட்டு ஸ்பிரிட் சிந்தியிருந்தாலும் தீக்குச்சிய எடுக்க மாட்டேன். கீழ பெட்ரோல்ல கழுவினாருன்னே எனக்குத் தெரியாதுங்க. குளிச்சுட்டு, புடவை கட்டிட்டு, தட்டை எடுத்துட்டு வந்தேன்."

நான்காவது மாடி வந்தது. கதவை இடது கையால் பிடித்துக்கொண்டு, நான் முதலில் இறங்கட்டும் என்று நின்றார்.

ஏகாம்பரம் கேன்டீனில் கோவிந்தனைத் தனியே கூப்பிட்டு என்ன பேசினார் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. தின்னரைக் கையில் வைத்திருப்பவனுக்கு அது தின்னர் என்று தெரியும். நெருப்பை எடுத்து வருபவருக்குத்தான் எதுவும் தெரியாது. அடுக்களையில் இருந்தோ சாமி அறையில் இருந்தோ நேராக வருகிறார். நாம் வண்டிக்காரனிடம் சொல்கிறோம், செயலாளரிடம் சொல்கிறோம், ஆண்கள் கூடி நிற்கும் இடத்தில் சொல்லி அங்கேயே தோற்றுத் திரும்புகிறோம். வீட்டில் பெட்ரோல், தின்னர், டர்பென்டைன் எது திறந்தாலும், முதலில் போய்ச் சொல்ல வேண்டியது அன்று அந்த இடத்தில் தீ ஏற்றப்போகிறவரிடம். அதையும் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். நல்ல நாளில் நம் சொல் எடுபடாது.

அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை, மாடி மாடியாகப் போய்க் கதவைத் தட்டினேன். தட்டு எடுப்பவரைக் கூப்பிடச் சொல்லி, அவரிடம் பேசினேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் உள்ளே திரும்பி, "அந்த சார்தான் வந்துகிறாரு" என்று சிரித்தார். செயலாளரின் மனைவி முழுதும் கேட்டுவிட்டு, "இவ்ளோ வெவரமா அன்னிக்கே எங்கிட்டச் சொல்லக் கூடாதா சார்?" என்றார்.

கடைசியாக எங்கள் மாடி. எதிர் வீட்டில் விளக்கு எரிந்தது. மணியில் விரல் வைத்தேன், அழுத்தவில்லை. அந்த வீட்டில் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை.